கரையில் கிடந்த படகின் நண்டு

என் அக்காவின் நண்டுக் கொட்டகைக்கு ஆரம்பத்தில் ஒரே ஒரு வண்டிதான் வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடி முதலாளி ஒருவருடைய வண்டி. பின்பக்கம் தார்ப்பாய் போர்த்தி ஐஸ் ஏற்றியிருக்கும். முன் சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பல நாட்கள் முதலாளியே உட்கார்ந்திருப்பார். கரையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

கொட்டகை மண்டபம் ஊருக்கு மேற்கே, வடகடல் கரையில் இருந்தது. நாங்கள் அந்தக் கரைக்காரர்கள் இல்லை. கடலைவிட்டு உள்ளே தள்ளி மிளகாய் போடுகிற குடும்பம். அக்கா வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் மழையை நம்பி மிளகாய் போட அவருக்கு மனமில்லை. கடற்கரையில் இடம் பிடித்து, அடுப்புக் கட்டி, நண்டு அவிக்கத் தொடங்கினார். படகுகள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை அவித்து, ஓட்டை உடைத்துச் சதையைத் தனியே எடுத்து விற்கும் தொழில். அவிப்பதைப் பார்த்துக்கொள்வது மச்சான். பெண்களை வைத்துச் சதை எடுக்க வைப்பது அக்கா. ஊரில் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போனால், "மொளகா நெடி போயி நண்டு நாத்தம் வந்துருச்சுடி ஒனக்கு" என்று யாராவது சொல்வார்கள். அக்கா, "மொளகாய்க்குத் தும்மல்தான் வந்துச்சு. இதுக்குச் சம்பளம் வருது" என்பாள்.

நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். வார ஓய்வு நாளில் பெரும்பாலும் அந்தக் கொட்டகையில்தான் இருப்பேன். பார்த்ததைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் தொழிலால் வந்தது. அங்கே பார்த்ததை மட்டும் நான் செய்தியாக எழுதியதில்லை.

அண்ணாச்சியின் வியாபாரம் முழுக்கத் தொலைபேசியில் நடந்தது. காலையில் வழியிலிருந்தே கூப்பிடுவார். "என்னவே, கடல் எப்படி?" என்று மச்சானிடம் கேட்பார். எந்தப் படகுக்கு இஞ்சின் கோளாறு, எந்த வீட்டில் காதுகுத்து என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விலையைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்வார். நேற்றைய விலையை ஞாபகப்படுத்தினால், "அது நேத்தோட போச்சு" என்பார். சத்தம் போட்டால் கொஞ்சம் ஏற்றுவார். நண்டு குவிந்து கிடக்கும் காலத்திலும் மாட்டேன் என்று சொன்னதில்லை. விலையை அடித்துவிட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வார். கேரளத்து ஓட்டல், சென்னை மார்க்கெட், வேறு வியாபாரி என எங்காவது தள்ளிவிடுவார். சின்ன நண்டு, சினை நண்டு எதையும் கழிக்க மாட்டார்.

ஒரு முறை வண்டி வரவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. எடுத்து வைத்த சதை முழுவதும் கெட்டு, மணலில் குழி தோண்டிப் புதைத்தோம். மறுநாள் அண்ணாச்சி கையில் மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார். "அச்சு முறிஞ்சிட்டு தங்கச்சி, நடுரோட்டுல நின்னுட்டேன்" என்றார்.

"அழுகுன நண்டுக்கு மக்ரூன் சரியாப் போச்சாண்ணாச்சி?" என்றாள் அக்கா.

"திங்கப் பிடிக்கலன்னா பொதைச்சிரு. குழி தோண்டித்தான வச்சிருக்கீக" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குக் கெட்டுப்போன சரக்கைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டாவது வாடிக்கை வேறு வகை. அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. எந்த நாடு என்பது கரையில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சதையை டப்பாவில் அடைத்து, கடல் கடந்து பல நாடுகளின் கடைகளுக்கு அனுப்புகிறார்கள் என்பது மட்டும் தெரியும். கம்பெனியின் முகம் என்று நாங்கள் பார்த்தது நாகர்கோவில் பக்கத்து இளைஞர் ஒருவரைத்தான். கொள்முதல் அதிகாரி. மோட்டார் சைக்கிளில் வருவார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். கொட்டகைக்குள் நுழையும் முன் கையைக் கழுவுவார்.

அவர் முதலில் விலையைப் பேசவில்லை. தரைக்கு ஓடு பதிக்க வேண்டும், குடிநீர்த் தொட்டி வேண்டும், தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, உட்கார்ந்து வேலை செய்ய மேசை நாற்காலி, பெண்களுக்குக் கழிப்பறை என்று சொல்லிக்கொண்டே போனார். செலவில் ஒரு பகுதியைக் கம்பெனி ஏற்கும். பதிலுக்கு ஒரு நிபந்தனை. சரக்கு வேறு யாருக்கும் போகக் கூடாது.

மச்சான் தயங்கினார். அக்கா தயங்கவில்லை. கழிப்பறை என்ற சொல்லிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதுவரை கொட்டகையில் வேலை செய்த பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ரோட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே டாஸ்மாக்கிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில், வாய் காய்ந்தபடி, பெண்கள் சாயங்காலம் வரை நண்டு உடைத்தார்கள். அக்காவும்தான். கழிப்பறை கட்டி முடித்த அன்று அவள் ஒரு சொம்புத் தண்ணீரை எல்லோர் முன்னாலும் அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். யாரும் கை தட்டவில்லை. சொம்பை வாங்கி அடுத்தவள் குடித்தாள்.

அண்ணாச்சியிடம் சொல்லப் போனது மச்சான். அண்ணாச்சி சண்டை போடவில்லை. "போங்க. கண்ணுக்குத் தெரியாத முதலாளி நல்ல முதலாளிதான். ஏச முடியாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, வண்டியை அடுத்த ஊருக்குத் திருப்பினார். அங்கே திறந்தவெளியில் அவிக்கிற இன்னொரு கொட்டகை அவருக்குக் கிடைத்தது.

புதிய ஏற்பாட்டில் விலை திங்கட்கிழமை காலை அக்காவின் கைபேசிக்குச் செய்தியாக வரும். அந்த வாரம் முழுக்க அதே விலை. கூட்டிக் கேட்க ஆள் கிடையாது, குறைத்துக் கேட்கவும் ஆள் கிடையாது. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பணம் வங்கிக்கு வந்தது. இவ்வளவுதான் வேண்டும் என்று செய்தி வந்தால் அதற்கு மேல் ஒரு கூடைகூட ஏற்ற மாட்டார்கள். சினை நண்டை எடுக்கவே மாட்டார்கள். படகுக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிட்டு வரப் பழகினார்கள். இதையெல்லாம் நன்மைகளின் பக்கம்தான் எழுத வேண்டும்.

அதோடு வில்லைகள் வந்தன. ஒவ்வொரு படகுக்கும் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை. எந்தப் படகின் நண்டோ அந்தப் படகின் வில்லை பெட்டியில் கிடக்க வேண்டும். அவிக்கும்போதும், உடைக்கும்போதும், வண்டியில் ஏற்றும்போதும் கூடவே போக வேண்டும். கடைசியில் அந்த எண் டப்பாவில் அச்சாகும்.

"அங்க ஒருத்தர் டப்பாவை வாங்கிப் போனை மேல காட்டுனா, எந்தப் படகு பிடிச்ச நண்டுன்னு தெரியும்க்கா" என்று அதிகாரி விளக்கினார்.

கொட்டகையில் வாயாடி என்று பெயர் எடுத்த ஒரு பெண் உண்டு. முன்பல் ஒன்று விழுந்தவள். அவள் கேட்டாள்: "படகுக்காரன் பேரு தெரியுமா சார்?"

"பேரு தெரியாது. நம்பர் மட்டும்."

"அப்ப எவனோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்து எம்புருசன் நம்பரத் தின்னுக்கிட்டு இருக்கான்." அதிகாரியும் சிரித்தார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு படகு கடலுக்குப் போக முடியாமல் நின்றுவிட்டால், அது இஞ்சின் கோளாறோ, காய்ச்சலோ, துக்க வீடோ, கரைக்கு வருகிற மற்றப் படகுகள் ஆளுக்கு ஒரு கை நண்டை அள்ளி ஒரு தனிக் கூடையில் போடுவார்கள். நின்றுபோன படகின் கூடை அது. அதற்குக் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. முக்கியமான விஷயம், அந்த நண்டு அந்த வீட்டுப் பெயரில்தான் தராசில் ஏற வேண்டும். கொடுத்தவன் பெயரில் ஏறி, பிறகு பணம் கைமாறினால் அது தர்மம் ஆகிவிடும். வாங்குகிறவன் தலை குனிய வேண்டும். அவன் பெயரிலேயே ஏறினால் அவன் பிடித்த நண்டு மாதிரி. அண்ணாச்சி காலத்தில் இது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கூடை யாருடையது என்று அவர் கேட்டதே இல்லை.

வில்லைகள் வந்த பிறகும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. நின்றுபோன படகின் கூடையில் அந்தப் படகின் வில்லையைப் போட்டார்கள். பெயர் போட்ட இடத்தில் எண். அவர்களுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு படகு கடலடிப் பாறையில் தட்டி அடிப்பக்கம் பிளந்துபோனது. கொட்டகைக்கு எதிரே, பனங்கட்டைகளின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பச்சைச் சாயம் பூசிய பக்கத்தில் எண் தெளிவாகத் தெரியும். பிளந்த இடத்தில் பைபர் ஒட்டு காய்ந்துகொண்டிருந்தது. படகுக்காரர் அதன் நிழலில் உட்கார்ந்து வலை பார்ப்பார். அவர் மனைவி எங்கள் கொட்டகையில் நண்டு உடைப்பவள். அதிகம் பேசாதவள். தினமும் அவர்கள் கூடையில் ஆளுக்கு ஒரு கை விழுந்தது.

அந்த நாட்களில்தான் தணிக்கைக்கு ஆள் வந்தார். கம்பெனிக்காக வேறொரு நிறுவனம் அனுப்பிய பெண்மணி. தமிழ் பேசினார். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு பலகைக் கணினி. வெப்பமானியை அவிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தார். கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பெண்களிடம் தனியாக, சம்பளம் சரியாக வருகிறதா, யாராவது திட்டுகிறார்களா என்று கேட்டார். வாயாடி, "இவுகளா? நாங்கதான் இவுகளத் திட்டுவோம்" என்றாள். பெண்மணி அதையும் குறித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, அக்கா இளநீர் வெட்டச் சொன்னாள்.

கைபேசிக்குச் சிக்னல் தேடி அவர் வெளியே வந்தார். கவிழ்ந்து கிடந்த படகின் நிழலில் நின்றார். பேசி முடித்துவிட்டு, பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தப் படகு இன்னைக்குக் கடலுக்குப் போச்சா?"

இளநீரோடு பின்னால் போன வாயாடிதான் பதில் சொன்னாள். "இது எங்கன போகும் மேடம்? அடியில ஓட்டை. போன அமாவாசையில இருந்து இப்படித்தான் கவுந்து கெடக்கு."

"உள்ள ஒரு பெட்டியில இதோட வில்லை கிடக்கே?"

"அதுவா? அது நாங்க போட்டது" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. "ஆளுக்கு ஒரு கை. இங்கன யாரையும் பட்டினியா விட மாட்டோம் மேடம். நீங்க வேணா எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டார். படகைப் படம் எடுத்தார். உள்ளே வந்து பெட்டியையும் படம் எடுத்தார். படகுக்காரரின் மனைவி அந்தப் பெட்டியிலிருந்துதான் நண்டு எடுத்து உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டாள்.

அக்கா ஓடிவந்து விளக்கினாள். அந்தப் பெண்மணி பொறுமையாகக் கேட்டார். "நீங்க செய்யறது தப்பான காரியம்னு நான் சொல்லலை. ஆனா திருட்டுத்தனமா, தடை இருக்கிற இடத்துல பிடிச்ச நண்டும் இப்படி இன்னொரு படகோட வில்லையிலதான் உள்ள வரும். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும் இல்லையா? எனக்குத் தெரிஞ்சாலும், டப்பா வாங்குறவருக்குத் தெரியணும்" என்றார். அவர் சொன்னதில் நான் தவறு கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டி வரவில்லை. அக்கா அதிகாரியைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, உங்க கொட்டகை சிவப்பாயிருச்சு."

"எங்க தம்பி சிவப்பாச்சு?"

"சிஸ்டத்துல. வண்டிக்கு ரூட் போடுறப்ப உங்க பேரே வரலை. நானா செய்யலக்கா. எனக்கே காலையிலதான் தெரியும்."

"யாரு செஞ்சா? அவுக நம்பரக் குடு. நான் பேசுறேன்."

"அப்படி ஒருத்தர் கிடையாதுக்கா" என்றார்.

அன்றும் சதையைக் குழி தோண்டிப் புதைத்தோம். மக்ரூனோடு வர ஆள் இல்லை.

பிறகு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். படகுகளுக்கு இடையே நண்டு கைமாறும் பழக்கம் முழுமையாக நிறுத்தப்பட வேண்டும். எல்லாப் படகு உரிமையாளர்களும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கொட்டகை உரிமையாளர் கரையிலேயே இதைக் கண்காணிக்க வேண்டும். அதன் பிறகு மறுபடி பரிசீலிப்பார்கள். நாகரிகமான மொழி. எங்கும் கோபம் இல்லை.

அக்கா படகுக்காரர்களைக் கொட்டகையில் கூட்டினாள். கம்பெனி கொடுத்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

"ஒரு கை நண்டு போடுறதுக்குக் கம்பெனிக்காரனுக்கு என்னம்மா கொள்ளை?" என்றார் வயதான ஒருவர். "எங்க நண்டு, எங்க கை."

"எனக்காக இல்லண்ணே. கொட்டகை மூடிக்கிட்டா உங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு எங்க வேலை இருக்கு?" என்றாள் அக்கா. "கை போடாதீகன்னு நான் சொல்லல. காசாக் குடுங்க. கூடையில மட்டும் போடாதீக."

காசாகக் கொடுப்பது என்ற சொல் விழுந்ததும் ஆட்கள் மணலைப் பார்த்தார்கள். அந்த வார்த்தையை அக்கா சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்வதற்கு அவளிடம் வேறு வார்த்தையும் இல்லை.

கடைசியில் பேசியது கவிழ்ந்த படகுக்காரரின் மனைவி. "எங்களுக்காக இனிமே யாரும் போட வேணாம். அம்புட்டுத்தான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றாள். போட்டுக் கொடுத்தார்கள்.

சில வாரங்களில் கொட்டகை பச்சையானது. அதிகாரியே நேரில் வந்து கைபேசியில் காட்டினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். அன்றிலிருந்து அக்கா காலையில் கரையில் நின்றாள். படகு வரும்போது எந்தக் கூடையில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். மிளகாய்க் குடும்பத்துப் பெண், முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரும் அவளிடம் கடல் எப்படி என்று சொல்வதில்லை.

வாயாடியின் புருஷனுக்குக் காய்ச்சல் கண்டு, படகு நின்றது. அன்று கரைக்கு வந்த அந்த வயதானவர், வாயாடியின் கூடையில் இரண்டு கையும் நிறைய நண்டை அள்ளிப் போட்டார். அக்காவைப் பார்த்துக்கொண்டேதான் போட்டார்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டிருக்கீக."

"ஆமா, போட்டேன்."

"இந்தக் கூடை உள்ள வராதுண்ணே."

அவர் வாயாடியின் கூடையை ஒரு கையில் எடுத்தார். தன் பெட்டியை மகனிடம் தூக்கச் சொன்னார். இரண்டையும் கொண்டு கொட்டகையைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தார். அண்ணாச்சியின் வண்டி அடுத்த ஊருக்குப் போகிற வழி அதுதான். வண்டி நின்றது. வாசலில் நின்ற எனக்கு அண்ணாச்சியின் குரல் கேட்டது. "ரெண்டையும் ஒரே தராசுல போடும்வே. நண்டு என்ன ஆதார் கார்டோடயா பொறக்குது?"

வாயாடி கொட்டகைக்குள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு குனிந்து நண்டை உடைக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு படகுகள் ஒவ்வொன்றாக ரோட்டுக்குப் போயின. சண்டை எதுவும் நடக்கவில்லை. அண்ணாச்சி கொடுத்த விலை கம்பெனி விலையைவிடக் குறைவுதான். பணத்தையும் இழுத்தடித்துத்தான் கொடுப்பார். அது எல்லோருக்கும் தெரியும். ஒரு காலையில் அக்கா கரையில் நின்றாள், மூன்று படகுகளின் நண்டு வந்தது. இன்னொரு காலையில் ஒன்றும் வரவில்லை. கம்பெனி வண்டி ஐஸோடு சொன்ன நேரத்துக்கு வந்து, ஐஸோடு திரும்பியது. அளவு குறைந்ததும் அதன் ரூட்டும் மாறியது.

மச்சான் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார், நானும் கூடப் போனேன். "மாப்ளே, நீ பேசாம நில்லு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். எங்கள் கொட்டகையிலேயே அவித்துக்கொள்ளலாம், ஓடு பதித்திருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்றார் மச்சான். அண்ணாச்சி பரிவோடுதான் கேட்டார். "கொட்டகை நல்ல கொட்டகைதான்வே. கரண்டு, தண்ணி, கழுவ ஆளு, எல்லாம் சேத்தா எனக்குக் கட்டாது. அங்கன வெட்டவெளியில அவிச்சாலும் நண்டு நண்டுதான்." ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியிருந்தார். அண்ணாச்சி கையை நீட்டி மச்சான் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மச்சான் மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டார். அதே மாதிரி ஒரு கிடங்கு. கொட்டகைக்கு வாடகைக்கு ஆள் வரவில்லை. திங்கட்கிழமை காலைகளில் அக்காவின் கைபேசிக்கு இன்னும் விலை வருகிறது. பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. திரையில் கொட்டகை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அவளோடு அங்கே போயிருந்தேன். கதவைத் திறந்து மேசைகளைத் துடைத்தாள். கழிப்பறைப் பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து, சாவி நுழையவில்லை. விட்டுவிட்டாள். எதிரே பனங்கட்டைகள் மட்டும் கிடந்தன. படகு எப்போதோ தண்ணீருக்குப் போய்விட்டது.

ரோட்டில் அந்தப் படகுக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வாயாடி. அடுத்த ஊர்க் கொட்டகைக்குப் போகும் வண்டிக்குக் காத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவள் சிரித்தாள்.

அக்கா கேட்டாள், "அங்கன வெளிய போறதுக்கு எடம் இருக்கா?"

"காடுதான்க்கா."

"தண்ணி குடிக்கிறியா?"

"காலையில கெளம்பும்போது குடிச்சிருவேன். அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

வண்டி வந்தது. அவர்கள் நண்டுப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார்கள்.